நீதியரசர் பெஞ்சமின் கேர்ட்டிஸ்

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாகாணத்திலே 1809இற் பிறந்த பெஞ்சமின் கேர்ட்டிஸ், சட்டத்தரணியாய்ப் புகழெய்தி, மாகாணச் சட்டசபையிலும் அமர்ந்து, 1851இல் அந்நாட்டு உயர் நீதிமன்ற நீதியரசரானார்.

1836இல் ஓர் அடிமைச் சிறுமியின் வழக்கிலே எசமானர் பக்கம் வாதாடியவரும் இவரே. அன்று நீதிமன்றம் சிறுமியை விடுவித்தது.

திரெட் ஸ்கொற் என்னும் அடிமை விடுதலை கோரி வழக்காடினார். அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அமெரிக்கக் குடிகளாகார் என 1857இற் பிரதம நீதியரசர் ரோனி தீர்த்தார். எழுவர் ஸ்கொற்றுக்கு எதிராய் நின்றனர். மறுத்தோர் மக்ளீனும் கேர்ட்டிசும் ஆகிய இருவரே. குடியரசின் தொடக்கத்திலேயே ஐந்து மாகாணங்களிற் சுதந்திரக் கறுப்பினத்தவர் வாக்குரிமை பெற்றிருந்தனர் எனக் கேர்ட்டிஸ் சான்று காட்டினார். அவ்வாண்டே பதவியையுந் துறந்தார்.

1868இல் வந்த பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம், அந்நாட்டிற் பிறந்து அதன் ஆணைக்குட்பட்டோர் யாவருங் குடிகளே எனச் சாற்றியது. 1874இல் இறந்த கேர்ட்டிஸ் அதனைக் கண்டே கண்மூடினார்.

இளைஞர்காள்! இருவர் கூறினும் சான்றுடைய சொல் நிலைக்கும்.