கேட்பதும் மாற்றுவதும்: வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் இரு பணிகள்

ரவுட்டர், சுவிட்ச், சர்வர், அச்சுப்பொறி என ஒரு வலையமைப்பில் பரந்து கிடக்கும் சாதனங்களின் நிலையை ஓரிடத்தில் இருந்தபடி அறியவும், வேண்டும்போது அங்கிருந்தே அவற்றை மாற்றியமைக்கவும் உதவுவது வலையமைப்பு மேலாண்மை மென்பொருள். அறிவது, மாற்றுவது என்னும் இவ்விரண்டையும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகவே பாடநூல்கள் கற்பிக்கின்றன. 1988இல் வெளிவந்த எஸ்.என்.எம்.பி. நெறிமுறையும் அப்படியே கருதி, இரண்டுக்கும் ஒரே வடிவச் செய்தியை வகுத்தது. நடைமுறையோ வேறு வழியில் போயிற்று. சாதனங்களிடம் எண்களைக் கேட்டு வாங்கும் பணியில் அந்நெறிமுறை உலகெங்கும் வேரூன்றியது. சாதனங்களின் அமைவை மாற்றும் பணியில் அதை நம்பியவர்கள் மிகச் சிலரே. பாதுகாப்புக் குறைபாடே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் போதாது. கேட்பதற்கும் மாற்றுவதற்கும் இயல்பிலேயே வேறுபாடு உண்டு. ஒன்றை எளிதாக்கிய பண்புகளே மற்றொன்றுக்குத் தடையாயின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேட்பதில் மிக எளிய வடிவம் பிங். 1981இல் ஜான் போஸ்டல் தொகுத்த ஐ.சி.எம்.பி. விதிகளில் எதிரொலி கேட்கும் செய்தி ஒன்றும் பதில் எதிரொலி ஒன்றும் இருந்தன. அவற்றைக் கொண்டு 1983 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் எழுதிய சிறு நிரலே பிங். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியின் பெயரையே அதற்கு வைத்தார். இன்றும் எந்தக் கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தாலும் பச்சை, சிவப்பு விளக்குகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த எதிரொலிதான் இருக்கிறது. ஆனால் பதில் வந்தது என்றால் அந்த முகவரியில் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். பதில் வரவில்லை என்றாலோ, சாதனம் நின்றிருக்கலாம், வழியில் ஓர் இணைப்பு அறுந்திருக்கலாம், ஃபயர்வால் எதிரொலியைத் தடுத்திருக்கலாம். எது என்று பிங் சொல்லாது.

சாதனத்திடமே விவரம் கேட்கும் முறை 1987இல் உருப்பெற்றது. அப்போது மூன்று முன்மொழிவுகள் போட்டியிட்டன. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் எழுதிய எஸ்.ஜி.எம்.பி. ஒன்று, இது கேட்வே எனப்பட்ட அக்கால ரவுட்டர்களுக்கு மட்டுமே ஆனது. கிரெய்க் பார்ட்ரிட்ஜும் கிளென் ட்ரெவிட்டும் வடிவமைத்த ஹெம்ஸ் இன்னொன்று. மூன்றாவது, அனைத்துலகத் தர அமைப்பின் ஏழடுக்கு மாதிரியைச் சார்ந்த சி.எம்.ஐ.பி. 1988 ஏப்ரலில் வின்ட் செர்ஃப் வெளியிட்ட பரிந்துரை ஒரு சமரசத்தைச் சொன்னது: உடனடித் தேவைக்கு எஸ்.ஜி.எம்.பி.யை விரிவாக்கிய எஸ்.என்.எம்.பி., நீண்ட காலத்துக்கு சி.எம்.ஐ.பி. தற்காலிகம் என்று எண்ணப்பட்டது நிலைத்துவிட்டது; நிரந்தரம் என்று எண்ணப்பட்டது இணைய வலையமைப்புகளில் கால் பதிக்கவே இல்லை.

அந்த வெற்றிக்குக் காரணம், சாதனத்தின் மீது ஏற்றிய சுமை மிகக் குறைவு என்பது. சாதனத்துக்குள் இயங்கும் சிறு நிரல் முகவர் எனப்படும். கேட்கும் மென்பொருள் மேலாளர். முதல் பதிப்பில் செய்தி வகைகள் ஐந்துதான்: ஒரு மதிப்பைக் கேட்பது, அடுத்த மதிப்பைக் கேட்பது, பதில், மதிப்பை எழுதுவது, சாதனம் தானே அனுப்பும் டிராப் எச்சரிக்கை. போக்குவரத்துக்கு யு.டி.பி.; கேள்விக்கு 161ஆம் போர்ட், டிராப்புக்கு 162. முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்த வேண்டியதில்லை. கேள்வி வழியில் தொலைந்தால் மேலாளர் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். தன்னிடம் யார், எப்போது, என்ன கேட்டார்கள் என்று முகவர் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. நினைவகம் அரிதாயிருந்த அக்காலச் சாதனங்களில் இது பெரும் வசதி. நெரிசலில் வலையமைப்பு தடுமாறும் வேளையில்தான் நிலவரம் அதிகம் தேவைப்படுகிறது. அந்த வேளையிலும் ஒரு கேள்வி, ஒரு பதில் என்னும் சிறு பரிமாற்றம் எப்படியாவது நடந்துவிடும் என்பதே வடிவமைப்பாளர்களின் கணக்கு.

கேட்கப்படும் விவரங்கள் ஒரு மரக்கிளை அமைப்பில் எண்ணிடப்பட்டுள்ளன. 1.3.6.1.2.1.2.2.1.10 என்பது ஓர் இடைமுகத்தின் வழியே உள்ளே வந்த மொத்த பைட்டுகளைக் குறிக்கும். இந்த எண்ணை அருகில் வைத்துப் பார்த்தால் கண்காணிப்பின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரியும். சாதனம் வேகத்தைச் சொல்வதில்லை; வீட்டு மின்சார மீட்டரைப் போல மொத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. சென்ற முறை குறித்த அளவை இம்முறை அளவிலிருந்து கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்து, வேகத்தைக் கணக்கிடுவது மேலாளரின் வேலை. ஒரு கேள்வி தொலைந்தாலும் கணக்கு கெடுவதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் மின் கணக்கீட்டாளர் ஒரு தடவை வராமல் போனாலும், ஓடிய யூனிட் மீட்டரிலேயே இருக்கிறது அல்லவா, அதுபோல. இழப்பைப் பொறுக்கும் இந்தக் குணம்தான் யு.டி.பி.யின் நம்பகமின்மையைத் தீங்கற்றதாக்கியது.

ஆனால் மீட்டருக்கு இலக்கங்கள் அளவானவை. முதல் பதிப்பின் எண்ணி 32 பிட் அகலம் கொண்டது. 4,29,49,67,295ஐத் தொட்டதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு முழுவீச்சில் ஓடினால் இந்தச் சுற்று முடிய 57 நிமிடம் ஆகும். 100 மெகாபிட்டில் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. ஜிகாபிட்டில் 34 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது நெடுநாள் வழக்கம். முழுதும் நிரம்பிய ஜிகாபிட் இணைப்பில் அந்த ஐந்து நிமிடத்துக்குள் எண்ணி எட்டு முறை சுற்றி வந்துவிடும். ஒரே ஒரு கழித்தல் அதைப் பிடிக்காது. கணக்குப் போட்டால் 1000 மெகாபிட் ஓடும் இணைப்பு வரைபடத்தில் ஏறக்குறைய 84 மெகாபிட்டாகத் தெரியும். மூச்சுத் திணறும் இணைப்பு, ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே நிரம்பி ஓய்ந்திருப்பதாகக் காட்சி தரும். இதைச் சரிசெய்ய 64 பிட் எண்ணிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. அவற்றை முதல் பதிப்பால் படிக்க முடியாது. இரண்டாம் பதிப்பாவது தேவை. பழைய அமைவை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கும் இடங்களில் இந்தப் பிழை அமைதியாகத் தொடரக்கூடும். சாதனம் விழித்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் எண்ணியும் இப்படித்தான்: நொடியின் நூற்றில் ஒரு பங்கை எண்ணுவதால், 497 நாளில் சுழியத்துக்கு வந்துவிடும். அதைக் கண்டு சாதனம் மறுதொடக்கம் ஆனதாக மென்பொருள் எச்சரித்தால், தவறு சாதனத்துடையது அன்று.

ஐந்து நிமிட வழக்கத்தைப் பரப்பியதில் எம்.ஆர்.டி.ஜி. என்னும் நிரலுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர், வெளியுலகுக்கு இருந்த ஒரே 64 கிலோபிட் இணைப்பு எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் பார்க்கும்படி வரைபடம் இடுவதற்காக 1994இல் எழுதத் தொடங்கியது அது. எண் வரிசையாகக் கிடந்ததைப் பச்சைப் பரப்பாகவும் நீலக் கோடாகவும் மாற்றி, நாள், வாரம், மாதம், ஆண்டு என அடுக்கிக் காட்டியது. இணைப்பை எப்போது பெரிதாக்க வேண்டும் என்ற விவாதங்கள் ஊகத்தை விட்டுச் சான்றின் மீது நிற்கத் தொடங்கியதற்கு இத்தகைய நிரல்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் வரைபடம் காட்டுவது சராசரியை. முந்நூறு நொடியில் பதினைந்து நொடி மட்டும் இணைப்பு முழுவதும் அடைபட்டு, மீதி நேரம் காலியாக இருந்தால், வரைபடம் 5 சதவீதம் என்று சொல்லும். அந்தப் பதினைந்து நொடியில் தொலைபேசி உரையாடல் அறுபட்டவருக்கு, "வலையமைப்பு நன்றாகத்தான் இருந்தது" என்று பதில் சொல்வது பெரும் அநீதி. போக்குவரத்தை யார், யாருடன், எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் நெட்ஃப்ளோ போன்ற முறைகளும், சாதனமே சில நொடிக்கு ஒருமுறை அளவுகளை அனுப்பும் ஓடைமுறைத் தொலையளவியலும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன.

இத்தனை குறைகளும் கேட்கும் பணிக்குள்ளேயே திருத்தக்கூடியவை. எண்ணியை அகலமாக்கலாம், அடிக்கடி கேட்கலாம், பல இடங்களிலிருந்து அளக்கலாம். தவறாகக் கேட்ட கேள்வியால் வலையமைப்பு பொதுவாக மாறிவிடுவதில்லை. எழுதும் பணியில் இந்த வசதி கிடையாது.

ஒரு ரவுட்டரின் அமைவை மாற்றுவது என்பது ஒரு மதிப்பை மாற்றுவதோடு முடிவதில்லை. பல வரிகள் குறிப்பிட்ட வரிசையில், ஒன்றாக, முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டும். பாதியில் நின்றால் பழைய நிலையும் இல்லை, புதிய நிலையும் இல்லை. எஸ்.என்.எம்.பி.யின் எழுதும் செய்தியில், ஒரே செய்திக்குள் அடங்குபவை மட்டுமே ஒன்றாக நடக்கும். பல செய்திகளை ஒரு செயலாகக் கட்டவோ, பல சாதனங்களில் ஒருசேர நிறைவேற்றவோ வழியில்லை. பதில் வராவிட்டால், கட்டளை போய்ச் சேரவில்லையா அல்லது நிறைவேறிய பின் பதில் தொலைந்ததா என்று தெரியாது. கேட்கும்போது மறுபடி கேட்டால் போதும். எழுதும்போது மறுபடி எழுதலாமா என்பதே கேள்வியாகிறது. எதையும் நினைவில் வைக்காத முகவர் கேட்பவருக்கு வரம், எழுதுபவருக்குச் சிக்கல்.

பாதுகாப்பே காரணம் என்ற மாற்றுக் கருத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு என்பதை மறுக்க முடியாது. முதல் இரு பதிப்புகளில் கடவுச்சொல்லின் இடத்தில் இருந்தது மறையாக்கம் செய்யப்படாத ஒரு சொல்; படிக்க "பப்ளிக்", எழுத "பிரைவேட்" என்ற இயல்புச் சொற்களை மாற்றாமலே விட்ட சாதனங்கள் ஏராளம். 2002இல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனைகள், பல நிறுவனங்களின் முதல் பதிப்பு நிரல்கள் உருக்குலைந்த செய்திகளைக் கையாளத் தெரியாமல் செயலிழப்பதை வெளிப்படுத்தின. இந்நிலையில் எழுதும் அனுமதியைப் பொறியாளர்கள் அடைத்துவைத்தது அறிவுடைமையே. எனினும் அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் கொண்ட மூன்றாம் பதிப்பு அதே 2002 டிசம்பரில் முழுத் தரநிலை ஆனது. பாதுகாப்பு மட்டுமே தடையாயிருந்தால், அதன் பின் எழுதும் பணி பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை.

ஏன் பெருகவில்லை என்பதற்கு விடை அதே ஆண்டு ஜூனில் கிடைத்திருந்தது. இணையக் கட்டமைப்புக் குழு நெறிமுறை வகுப்போரையும் வலையமைப்புகளை நாள்தோறும் நடத்துவோரையும் ஓரிடத்தில் அமர்த்தியது. அதன் அறிக்கை 2003இல் வெளிவந்தது. நடத்துவோர் கேட்டவை எளியவை: அமைவு வேறு, இயக்க நிலை வேறு, புள்ளிவிவரம் வேறு என்று தெளிவாகப் பிரித்துத் தரவேண்டும், முழு அமைவையும் எடுத்து வைத்துக்கொள்ளவும் திரும்ப ஏற்றவும் முடியவேண்டும், பல சாதனங்களின் மாற்றத்தை ஒரே செயலாக நிறைவேற்ற வேண்டும், இரண்டு அமைவுகளை வரிக்கு வரி ஒப்பிட எழுத்து வடிவம் வேண்டும். எஸ்.என்.எம்.பி. கண்காணிப்புக்கு உதவுகிறது, அமைவுக்குத் தாங்கள் கட்டளை வரியையே நாடுகிறோம் என்பதே அவர்களின் பொதுவான கூற்று. வடிவமைப்பாளர்கள் பயனர்களின் பேச்சுக்கு இவ்வளவு செவிகொடுத்த தருணங்கள் கணினி வரலாற்றில் குறைவு.

அதன் விளைவாக 2006 டிசம்பரில் நெட்கான்ஃப் வந்தது. தரவை விவரிக்கும் யாங் மொழி 2010இல் வந்தது. இங்கே முகவர் நினைவோடு இருக்கிறது. மாற்றங்களை வரைவு அமைவில் எழுதி, சரிபார்த்து, பிறர் கைவைக்காதபடி பூட்டி, ஒரே மூச்சில் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். இதில் ஓர் ஏற்பாடு தனியே கவனிக்கத்தக்கது: உறுதிப்பாடு கேட்கும் நிறைவேற்றம். மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் குறித்த கால அளவுக்குள், வேறு அளவு சொல்லாவிட்டால் 600 நொடிக்குள், உறுதிச் செய்தி வராவிட்டால் சாதனம் தானாகவே பழைய அமைவுக்குத் திரும்பிவிடும். தன் கட்டளையால் தன் இணைப்பையே அறுத்துக்கொண்ட பொறியாளர் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், வழி திறக்கும். நள்ளிரவில் எங்கோ இருக்கும் கட்டடத்துக்கு வண்டியோட்டிச் சென்ற அனுபவம் உள்ள எவரும் இதன் அருமையை அறிவர்.

இரு பணிகளுக்கும் நெறிமுறைகள் பிரிந்தாலும் வணிக மென்பொருள்கள் அவற்றை ஒரே திரையில் சேர்த்தே விற்கின்றன. இத்துறையில் சென்னைக்கும் இடமுண்டு. 1996இல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் தொடங்கிய அட்வென்ட்நெட், சாதனம் செய்யும் நிறுவனங்களுக்கு எஸ்.என்.எம்.பி. நிரற்கருவிகளை விற்றே வளர்ந்தது. மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் அலுவலகங்களுக்கான கண்காணிப்பு மென்பொருள்களையும் கொண்டுவந்து, 2009இல் ஜோஹோ ஆனது. ஒரே திரை வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தனை சாதனங்களின் திறவுகோல்களும் ஒரே சர்வரில் குவிகின்றன. 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருளுக்கான முறையான புதுப்பிப்புகளுக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டது. 18,000 வரையிலான வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றிருக்கக்கூடும் என்று அந்நிறுவனம் கூறியது. கண்காணிக்கும் சர்வருக்குப் படிக்கும் அனுமதியை மட்டும் தந்து, எழுதும் அனுமதியை வேறு சர்வரில், வேறு அடையாளச் சான்றில் வைத்திருந்தால், இத்தகைய ஊடுருவலில் இழப்பு சுருங்கும்.

பாதையும் பிரிய வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காக இட்ட ஒரு கட்டளை, அதன் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க இருந்த தணிக்கை நிரலில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை மறைந்ததும், பழுது தேடும் உள்கருவிகளும் கூடவே மறைந்தன. மாற்று வழி வலையமைப்பும் எட்டவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது. சேவை திரும்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் வலையமைப்பு முடங்கியபோதும் இதே கதைதான்: மேலாண்மை வலையமைப்பு, எதை மேலாள வேண்டுமோ அந்த மைய வலையமைப்பின் மீதே ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே மாற்றும் பணிக்கான பாதை, மாற்றப்படும் வலையமைப்பின் எந்த உறுப்பையும் சாராமல் இருக்க வேண்டும். சாதனங்களின் கன்சோல் போர்ட்டுகளை இணைக்கும் ஒரு கன்சோல் சர்வர், வேறொரு நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பு, பெயர்ச் சேவை இல்லாமலே எட்டும்படி எழுதிவைத்த முகவரிகள், மையச் சரிபார்ப்பு சர்வர் படுத்தாலும் செல்லும் உள்ளூர்க் கடவுச்சொல் ஆகியவை அதன் குறைந்தபட்ச உறுப்புகள். இப்படி ஒரு பாதை அமைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் திறந்து பார்க்காமல் இருப்பதே பெரும்பாலும் நடக்கிறது. சிம் காலாவதியாகிவிடும், மோடம் பழுதாகிக் கிடக்கும். அந்தப் பாதையைக் கண்காணிப்பு மென்பொருளின் பட்டியலில் மற்றொரு சாதனமாகச் சேர்த்து, தினமும் வெளியிலிருந்து அதன் வழியே நுழைந்து, கன்சோல் வரி பதில் தருகிறதா என்று கேட்கச் செய்யலாம். அதற்குப் படிக்கும் அனுமதி மட்டுமே போதும்.