அடிப்படை ஆங்கிலம்

அடிப்படை ஆங்கிலம், 850 எளிய சொற்களால் அன்றாடச் செய்திகள் அனைத்தையும் சொல்ல உதவும் சுருங்கிய ஆங்கில வடிவம். 'பேசிக் இங்கிலீஷ்' என்ற பெயரில் இதை வகுத்து 1930இல் வெளியிட்டவர் ஆங்கிலேய அறிஞர் சி. கே. ஆக்டன் (1889–1957).

தோற்றம்

ஆக்டனும் ஐ. ஏ. ரிச்சர்ட்சும் சொற்பொருள் ஆராய்ச்சி நூலான 'த மீனிங் ஆஃப் மீனிங்'கை (1923) எழுதியபோது, எச்சொல்லுக்கு விளக்கம் தந்தாலும் சில சொற்களே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டனர். அவற்றைத் திரட்டினால் மற்றவற்றை விலக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. வினைச்சொல்லைவிடப் பெயர்ச்சொல்லே தெளிவானது என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் கருத்து அதற்கு வலுவூட்டியது.

பகுப்பு

சொற்பட்டியல் மூன்று பிரிவுகள் உடையது.

பொருட்பெயர்கள் 600: இவற்றுள் 400 பொதுப்பெயர்கள். குடை, சாவி, பாலம் போன்று படம் வரைந்து காட்டத்தக்கவை 200.

பண்புச்சொற்கள் 150: இவற்றுள் 50 எதிர்நிலைச் சொற்கள்.

செயற்சொற்கள் 100: வினைகள், முன்னிடைச்சொற்கள், சுட்டுப்பெயர்கள் முதலியன.

வினைகள் 18 மட்டுமே: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பீ, டூ, ஹேவ், சே, சீ, செண்ட், மே, வில். திசையும் இடமும் காட்டும் சொற்களோடு சேரும்போது இவை பெருகுகின்றன. 'என்டர்' என்பதற்கு 'கோ இன்', 'கன்டின்யூ' என்பதற்கு 'கோ ஆன்'. 'ஆஸ்க்' பட்டியலில் இல்லை. 'புட் எ கொஸ்டின்' என்பர். அறிவியலுக்கு 100 சொற்களும், குறிப்பிட்ட ஒரு துறைக்கு 50 சொற்களும் கூட்டினால் மொத்தம் 1000.

எதிர்ப்பும் ஏற்பும்

டாக்காவில் ஆசிரியர் பயிற்சி அளித்த மைக்கேல் வெஸ்ட் இதைக் கடுமையாக எதிர்த்தார்: சிறு சொற்கள் இணைந்து தரும் பொருளைத் தனித்தனிச் சொற்களிலிருந்து ஊகிக்க இயலாது என்றார். ஆனால் இந்த இணைப்புகளில் பெரும்பாலானவை இட அசைவிலிருந்து கிளைத்தவை. கைச்செய்கையால் காட்டிக் கற்பிக்கத்தக்கவை. ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டை இவ்வளவு தெளிவாகத் திறந்து காட்டிய முயற்சி வேறில்லை. 1943இல் ஹார்வர்டு உரையில் சர்ச்சில் இதைப் போற்றினார். 1946இல் பிரிட்டிஷ் அரசு 23,000 பவுண்டுக்குப் பதிப்புரிமையை வாங்கியது. முழு விவிலியமும் இம்மொழியில் 1949இல் வெளிவந்தது.

இன்று

பள்ளிப் பயன்பாடு அருகிவிட்டது. எளிய ஆங்கில விக்கிப்பீடியா போன்றவற்றில் இதன் தாக்கம் தொடர்கிறது.