விளையாட்டு மாநாடுகளில் பாத்திரமேற்று ஆட்டம்: ஜென் கான் வழி ஒரு வரலாறு

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நகர்த்திச் செல்வது பாத்திரமேற்று விளையாட்டு. அவர்களில் ஒருவர் மட்டும் வீரனாக ஆடுவதில்லை. கதை நடக்கும் உலகம், அதில் எதிர்ப்படும் மனிதர்கள், பூதங்கள், பொறிகள், விதிகளின் தீர்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அவரை ஆட்ட நடத்துநர் என்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். வீட்டில் பழகிய நண்பர்களோடு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும் ஆட்டம் இது. முன்பின் அறியாதவர்களோடு உட்கார்ந்து நான்கு மணி நேரத்தில் தொடங்கி முடிக்கும் வழக்கத்தை உண்டாக்கியவை அமெரிக்காவின் விளையாட்டு மாநாடுகள். நேரமும் இடமும் போதாத நெருக்கடியில் வந்த வழக்கம்தான். ஆனால் அச்சிட்ட சாகச நூல், முன்பே தயாரித்துத் தரும் கதாபாத்திரம், ஊருக்கு ஊர் மாறாத விதி என இன்று ஆட்டத்தின் இயல்பாகவே தோன்றும் பலவும் அந்த நெருக்கடியில் உருவானவை, அல்லது அதனால் வலுப்பெற்றவை. இம்மாநாடுகளில் மூத்ததும் பெரியதுமான ஜென் கானின் வரலாறு, ஏறத்தாழ இந்த ஆட்டத்தின் வரலாறே.

தொடக்கம்

விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர். அங்கு வாழ்ந்த கேரி கைகாக்ஸ் போர் விளையாட்டுப் பித்தர். 1967இல் இருபது பேர் அளவில் அவர் வீட்டில் கூடி ஆடினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஊரிலிருந்த ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் என்ற மண்டபத்தை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்தார். சர்வதேசப் போர் விளையாட்டாளர் கூட்டமைப்பின் ஆதரவில் நடந்த அந்த ஒரு நாள் கூட்டத்துக்கு நூறு பேர் அளவில் வந்தார்கள். ஊர்ப் பெயரையும் போர்க்கால நடத்தைக்கான ஜெனீவா உடன்படிக்கைகளையும் ஒருசேர நினைவூட்டும்படி ஜென் கான் என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது பாத்திரமேற்று விளையாட்டு என்ற ஒன்றே இல்லை. மேசை மேல் சிறு உலோகப் பொம்மைகளை அணிவகுத்து நெப்போலியன் காலத்துப் போர்களையும் இடைக்காலப் போர்களையும் ஆடிப் பார்ப்பதே பொழுதுபோக்கு. 1969இல் நடந்த இரண்டாம் ஜென் கானுக்கு மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் வந்திருந்தார். பாய்மரக் கப்பல் போர்களில் இருந்த பொது ஆர்வம் அவரையும் கைகாக்ஸையும் சேர்த்து வைத்தது. அந்த நட்பின் முதல் விளைச்சல் ஒரு கடற்போர் விதிநூல்தான்.

அதே ஆண்டில் ஆர்னசனின் ஊர்ப்பக்கம் இன்னொன்று நடந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை நகரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு தனி மனிதனை ஆடக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம். அந்தப் பாதையில் நடந்து ஆர்னசன் பிளாக்மூர் என்ற மாய உலகைக் கட்டினார். 1972இன் இறுதியில் அவர் லேக் ஜெனீவாவுக்கு வந்து அதை ஆடிக் காட்ட, கைகாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். 1974 ஜனவரியில், மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டியாக, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. முதல் அச்சு 1000 படிகள், விலை 10 டாலர். வெளியிட்டது கைகாக்ஸும் டான் கேயும் 1973இல் தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம்.

போட்டி ஆட்டமும் சாகச நூலும்

அந்தப் பெட்டியில் இருந்த விதிகள் அரைகுறையானவை என்று சொன்னால் மிகையாகாது. விட்ட இடங்களை ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. வீட்டளவில் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. எழுதப்படாத இடத்தில்தான் கற்பனை நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒரே மண்டபத்தில் பத்து ஊர்க்காரர்கள் உட்காரும்போது வழக்கு முளைத்தது. தாராளமான நடத்துநரிடம் ஆடியவர் மந்திர வாள்களைச் சுமந்து வருவார். கறாரானவரிடம் ஆடியவர் ஒரு கேடயத்தோடு நிற்பார். இருவரையும் ஒரே போட்டியில் எப்படி அளப்பது?

1975 ஜூலையில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரிஜின்ஸ் என்ற மாநாடு முதன்முதலாக நடந்தது. அங்கு நடந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போட்டிக்காக கைகாக்ஸ் கொண்டுபோனது ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கல்லறைச் சாகசம். வீட்டுக் கதாபாத்திரங்களுக்கு அங்கே இடமில்லை; நடத்துநர் கொடுத்த ஆளைத்தான் ஆட வேண்டும். கல்லறையில் வாளுக்கு வேலை குறைவு, பொறிகளே அதிகம். சுவரில் செதுக்கிய பச்சைப் பிசாசு முகத்தின் திறந்த வாய் வழி போலத் தோன்றும். உள்ளே நுழைந்தவன் சுவடின்றி அழிந்து போவான். தங்கள் வீரர்களை யாராலும் கொல்ல முடியாது என்று நம்பிய கைதேர்ந்த ஆட்டக்காரர்களின் கர்வத்தைச் சோதிக்கவே இதை எழுதியதாகக் கைகாக்ஸ் பின்னாளில் சொன்னார். 1978இல் இது அச்சாகியபோது ஆயத்தக் கதாபாத்திரங்கள் 20 பேரின் பட்டியலும், ஆடுபவர்களிடம் எடுத்துக் காட்ட ஒரு படப் புத்தகமும் உடன் வந்தன. வீட்டு மேசைக்கு ஓரளவு கொடூரமான நூல் இது. எவனும் பிழைத்து அடுத்த வாரம் வரத் தேவையில்லாத மாநாட்டு மேசைக்கோ அளந்து தைத்தது.

அக்காலத்து டிஎஸ்ஆர் சாகச நூல்களில் ஒரு பெரும் பங்கு இப்படி மாநாட்டில் ஆடி, பிறகு அச்சேறியவை. இராட்சதர் கோட்டைகள் பற்றிய மூன்று நூல்கள் 1978 ஆரிஜின்ஸ் போட்டியில் பயன்பட்டன. 1979 ஆரிஜின்ஸுக்கு ஹரால்ட் ஜான்சனும் ஜெஃப் லீசனும் எழுதிய ‘ஹிடன் ஷ்ரைன் ஆஃப் டமோவாச்சன்’ மத்திய அமெரிக்கப் பழங்கோயில் போன்ற இடிபாட்டில் நடப்பது. கோயிலின் அடித்தளத்தில் நச்சுப் புகை நிறைந்திருக்கும்; தாமதிக்கத் தாமதிக்கக் கதாபாத்திரங்களின் உயிர்வலு கரையும். போட்டி ஆட்டத்தின் நேரக் கெடுவைக் கதைக்குள்ளேயே பொதிந்து வைத்த சாமர்த்தியம் இது. நடத்துநர் கைக்கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்த வேண்டியதில்லை, புகையே அவசரப்படுத்தும்.

1980 ஜென் கானின் போட்டிக்கு எழுதிய அடிமை வணிகர் தொடர் இன்னும் சுவையானது. நான்கு பகுதிகளை டேவிட் குக், ஜான்சனும் டாம் மோல்ட்வேயும், ஆலன் ஹேமக், லாரன்ஸ் ஷிக் என ஒவ்வொன்றாக எழுதினார்கள். மூன்றாம் பகுதி முடிவில் வீரர்கள் பிடிபட்டே ஆக வேண்டும். நான்காவது தொடங்கும்போது ஆயுதமோ கவசமோ இல்லாமல் இருட்டு நிலவறையில் கிடப்பார்கள். இறுதிச் சுற்றில் எல்லா அணிகளையும் ஒரே கோட்டில் நிறுத்த இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. வீட்டில் ஆடியவர்களுக்கு மட்டும் ஆத்திரம் வந்தது. தங்கள் தவறு எதுவும் இல்லாமலே தோற்கடிக்கப்பட்டதாகப் பலர் இன்றும் குறைப்படுகிறார்கள். போட்டிக்கு நியாயமாகப் பட்டது கதைக்கு அநியாயமாகிவிட்டது.

இந்தக் காலத்திலேயே அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கெட்டி அட்டை நூல்கள் 1977 முதல் 1979 வரை வெளிவந்தன. எந்த ஊரில் உட்கார்ந்தாலும் ஒரே விதி என்ற ஒழுங்கு வேண்டும் என்பதற்குக் கைகாக்ஸ் வெளிப்படையாகவே வாதாடினார். போட்டி ஆட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வணிகக் காரணங்களும் இல்லாமல் இல்லை.

சங்கமும் தொடர் உலகங்களும்

1980இல் டிஎஸ்ஆரின் ஃபிராங்க் மென்ட்சர் பாத்திரமேற்று விளையாட்டாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஆர்பிஜிஏ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அது, மாநாடுகளுக்குச் சாகசங்களை அனுப்பியது, நடத்துநர்களுக்குத் தரம் வகுத்தது, மதிப்பெண்ணும் போட்டது. அணியாகப் புள்ளி சேர்ப்பதோடு, ஆட்டம் முடிந்ததும் மேசையில் இருந்தவர்களே சக ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும் முறையும் பரவியது. கதாபாத்திரத்தை நடித்துக் காட்டுவதற்கும் பரிசு என்றான பிறகு, பூதத்தைக் கொல்வதைவிட மேசையைச் சிரிக்க வைப்பதில் சிலர் முனைந்தார்கள். அதைச் சீரழிவென்றவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

1987இல் ரேவன்ஸ் பிளஃப் என்ற கற்பனை நகரை மையமாக வைத்து ‘லிவிங் சிட்டி’ தொடங்கியபோது முறை தலைகீழானது. இப்போது ஆட்டக்காரர் தன் சொந்தக் கதாபாத்திரத்தையே மாநாட்டுக்கு மாநாடு எடுத்துச் செல்லலாம். ஈட்டிய பொருளுக்கும் அனுபவத்துக்கும் காகிதச் சான்று உண்டு. 2000 முதல் 2008 வரை நடந்த ‘லிவிங் கிரேஹாக்’ இதை நாடுகள் அளவுக்குக் கொண்டுபோனது. கற்பனை வரைபடத்தின் பல நாடுகள் நிஜ உலகின் பகுதிகளுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் ஆடியவர்களுக்குப் பெரன்லாண்ட் வாய்த்தது. ஒரு நாட்டின் சாகசத்தை ஆட அந்த நாட்டுக்கு உரிய ஊருக்கே போக வேண்டும் என்பதால், ஆட்டத்துக்காகவே பயணம் போகும் ஒரு கூட்டம் உருவானது. பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் சொசைட்டி 2008இலும், பின்னாளில் டிஎஸ்ஆரை வாங்கிய விசார்ட்ஸ் நிறுவனத்தின் அட்வென்ச்சரர்ஸ் லீக் 2014இலும் இதே வழியில் கிளைத்தவை. இவற்றின் சிறப்பு நிகழ்ச்சிகளில் ஒரே கூடத்தின் பல பத்து மேசைகள் ஒரே போரின் வெவ்வேறு முனைகளை ஒரே நேரத்தில் ஆடுகின்றன. ஒரு மேசையின் வெற்றியை ஒலிபெருக்கியில் அறிவிக்க, மற்ற மேசைகளின் நிலைமை மாறும்.

போட்டியை அறவே விரும்பாத மரபும் பக்கத்திலேயே வளர்ந்தது. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981இல் கேயாசியம் வெளியிட்ட ‘கால் ஆஃப் குதுல்ஹு’ திகில் ஆட்டத்தில் கதாபாத்திரங்கள் பெரும்பாலும் சாவார்கள், அல்லது புத்தி பேதலிப்பார்கள். தொடர்கதைக்கு இது இடைஞ்சல். ஒரே அமர்வில் முடியும் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல முடிவு எது? மாநாட்டு மேசைக்கென்றே பிறந்த ஆட்டம் இதுதான் என்பது என் கணிப்பு.

இடமாற்றங்கள்

ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் சீக்கிரமே போதாமல் போனது. ஊருக்குள் பல இடங்களுக்கு மாறி, 1977இல் பிளேபாய் விடுதியிலும் நடந்த ஜென் கான், 1978இல் கெனோஷாவில் விஸ்கான்சின் பார்க்சைட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1985 முதல் 2002 வரை மில்வாக்கி. 1988இலும் 1992இலும் ஆரிஜின்ஸோடு சேர்ந்தே நடந்தது. கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்க, அதை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. விசார்ட்ஸை நிறுவிய பீட்டர் ஆட்கிசன் 2002இல் மாநாட்டை மட்டும் தனியே விலைக்கு எடுத்தார். 2003 முதல் இண்டியானாபொலிஸ்தான் இருப்பிடம். 2008இல் திவால் பாதுகாப்புக் கோர வேண்டிய நிலை வந்து, அதிலிருந்தும் மீண்டது. ஐம்பதாவது மாநாடான 2017இல் நுழைவுச் சீட்டுகள் முன்னதாகவே விற்றுத் தீர்ந்தன. லூகாஸ் ஆயில் அமெரிக்கக் கால்பந்து அரங்கின் தரையிலும் மேசைகள் போடப்பட்டன. இப்போது ஆண்டுதோறும் எழுபதாயிரம் பேர் அளவில் வருகிறார்கள்.

கைகாக்ஸ் 2008 மார்ச்சில் காலமானார். இறுதிச் சடங்குக்குப் பின் லேக் ஜெனீவாவின் அமெரிக்கன் லீஜியன் மண்டபத்தில் கூடியவர்கள் துக்கம் பேசியபடியே பகடைகளை எடுத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். அதுவே அடுத்த ஆண்டிலிருந்து கேரி கான் என்ற தனி மாநாடானது.

மேசையை நடத்தும் முறை

இன்றைய மாநாட்டில் ஆட்டங்கள் ஸ்லாட் கணக்கில் நடக்கின்றன. ஒரு ஸ்லாட் பெரும்பாலும் நான்கு மணி நேரம். நடத்துநர் தன் ஆட்டத்தின் பெயர், விதிநூல், இருக்கைகள், அனுபவம் தேவையா இல்லையா என்பதையெல்லாம் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார். ஆட வருபவர் அதற்கான டிக்கெட் எடுக்கிறார். டிக்கெட் எடுத்தவர் வராமல் போனால், காலி இடத்துக்காகக் காத்திருப்பவர் உட்காரலாம்.

நான்கு மணி நேரம் என்று எழுதினாலும், அறிமுகம், கதாபாத்திரத் தேர்வு, விதி விளக்கம், தாமதமாக வருபவர்கள் எல்லாம் போக மூன்றே மணி நேரம்தான் கைக்கு வரும். ஆகவே அனுபவசாலிகள் கதையை நடுவிலிருந்தே தொடங்குவார்கள். விடுதியில் சந்தித்து வேலை ஒப்புக்கொள்ளும் காட்சியை வெட்டிவிட்டு, பாலம் அறுந்து தொங்கும் இடத்தில் ஆட்டத்தைத் திறப்பார்கள். நேரம் நெருக்கினால் விட்டுவிடத் தோதாக ஒரு சண்டையைக் கழற்றிப் போடும்படி வைத்திருப்பார்கள். கதாபாத்திரத் தாளில் எண்களை ஒரு பக்கத்துக்குள் அடக்கி, மற்ற பாத்திரங்களோடு உறவும் பகையும் என்ன என்று இரண்டு வரி எழுதித் தருவார்கள். அந்த இரண்டு வரி, ஒரு மணி நேர அறிமுகத்தைவிட வேகமாக அந்நியர்களைப் பேச வைக்கும். எதிரே இருப்பவரின் மனம் தெரியாது என்பதால் 2010களிலிருந்து எக்ஸ் அட்டை பரவியிருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் வகுத்த முறை அது. கதையில் ஏதாவது உறுத்தினால் மேசை மேலுள்ள அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு ஆட்டம் தொடரும்.

2020இல் பெருந்தொற்றால் ஜென் கான் இணையத்தில் மட்டும் நடந்தது. 2021இல் செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டு, வருகையைக் கட்டுப்படுத்தி மண்டபத்துக்குத் திரும்பினார்கள். இணைய மேசைகள் அப்போது பலருக்குக் கைகொடுத்தன என்றாலும், பழைய தட்டுப்பாடு எங்கேயும் தீரவில்லை. கூடம் எத்தனை பெரிதானாலும், ஒவ்வொரு ஆறு பேருக்கும் கதையைப் படித்து, தாள்களை அச்சிட்டு, தொண்டை வறளப் பேசத் தயாராக ஒருவர் வேண்டும். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நடத்துபவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதும், நிறுவனங்கள் அவர்களுக்குத் தங்கும் அறையில் பங்கோ புத்தகங்களோ கொடுப்பதும் இந்தத் தட்டுப்பாட்டினால்தான். பலர் அதையும் கணக்குப் பார்க்காமல், நாளுக்கு இரண்டு ஸ்லாட் என்று நான்கு நாளும் நடத்திவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.