உயில்: எழுதி வைப்பதன் பெயர்

‘உயில்’ என்ற சொல்லுக்கும் ‘உயிர்’ என்பதற்கும் உறவு இருக்குமோ என்று நினைக்கத் தோன்றும். இல்லை. ஆங்கிலத்தில் ‘விருப்பம்’ என்று பொருள்படும் ‘வில்’ என்ற சொல்தான் இது. உதட்டைக் குவித்து ஒலிக்கும் அதன் முதல் ஒலி நம் வகரம் அன்று. அதனால் ஒயர், ஒயின் போல இதற்கும் முன்னால் ஓர் உயிரெழுத்து வந்து நின்றது. கன்னடரும் ‘உயிலு’ என்கிறார்கள். தெலுங்கர் அதே ஆங்கிலச் சொல்லோடு பாரசீக ‘நாமா’வைச் சேர்த்து ‘வீலுநாமா’ ஆக்கினார்கள். மலையாளத்தின் ‘ஒஸ்யத்து’ அரபியின் ‘வசிய்யத்’திலிருந்து வந்தது.

நான்கு மொழிகளும் கடன் வாங்கியதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் கொடை இருந்தது. சந்திர சூரியர் உள்ளவரை என்று கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அது கொடுத்த நாளிலேயே நடப்புக்கு வரும். தான் இறந்த பிறகு சொத்து யாருக்கு என்று ஒருவர் தனியாக எழுதும் முறை இந்து தர்மசாத்திரங்களில் இல்லை. கம்பெனிக் காலத்து நீதிமன்றங்களை ஒட்டித்தான் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் அது வேரூன்றியது.

அப்படி எழுதிய முன்னோடிகளில் ஒருவர் பச்சையப்ப முதலியார். 1794-இல் உயில் எழுதினார். அதே ஆண்டு மறைந்தார். வயது நாற்பதுதான். கோயில் தருமங்களுக்கென்று அவர் விட்டுச்சென்ற பணம் தகராறில் சிக்கிப் பல்லாண்டு நீதிமன்றத்தில் கிடந்தது. பின்பு அறக்கட்டளையாகி, 1842-இல் சென்னையில் ஒரு பள்ளியாகத் திறந்தது. பச்சையப்பன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. நீதிமன்றம் பற்றிக்கொள்ள ஒரு தாள் இருந்ததால் முடிந்த காரியம் அது.

தாளே வேண்டாத காலமும் இருந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை நகரத்து இந்துக்களின் உயிலுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்றது. நகரத்துக்கு வெளியே வாய்மொழி உயிலும் செல்லுபடியாகிவந்தது. 1927 ஜனவரி 1 முதல்தான் இந்துக்களுக்கு எங்கும் எழுத்து கட்டாயமானது.

‘உயில்’ புரியாதோர்க்காக ‘மரண சாசனம்’ என்றும் சொல்லிவந்தார்கள். தமிழ் விவிலியத்தில் எபிரேயர் 9-ஆம் அதிகாரத்திலேயே இந்தச் சொல் உண்டு. பொருள் பிழையில்லை, இறப்புக்குப் பிறகுதான் உயிலுக்கு உயிர். ஆனால் இந்தப் பெயர் நமக்குக் கெடுதல் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். மரணத்தை முன்னால் நிறுத்தியதால், உயிலைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று வீடுகள் வாயை மூடிக்கொண்டன.

மக்களின் பேச்சு இதைவிடத் தெளிவானது. உயிலை யாரும் வெறுமனே ‘எழுதினார்’ என்பதில்லை. ‘எழுதி வைத்தார்’ என்கிறார்கள். வாங்கி வை, சொல்லி வை, படித்து வை: பின்னால் வேண்டியதை முன்னாலேயே செய்வதற்குத் தமிழ் சேர்க்கும் துணைவினை இந்த ‘வை’. செட்டில்மென்ட் பத்திரத்தையோ ‘எழுதிக் கொடுத்தார்’ என்கிறோம். கொடுத்தால் சொத்து கைமாறிவிடும். எழுதி வைத்தாலோ, சாகும்வரை சொத்து எழுதியவருடையதே. எத்தனை முறையும் மாற்றலாம், ரத்து செய்யலாம். உயில் எழுதினால் பிள்ளைகள் தன்னைத் தெருவில் விட்டுவிடுவார்களோ என்று அஞ்சும் பெற்றோர் உயிலையும் செட்டில்மென்டையும் ஒன்றாக நினைத்தே அஞ்சுகிறார்கள்.

உயில் எழுத வயதாகும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. சட்டம் முதுமையைக் கேட்கவில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது பதினெட்டு வயதும் தெளிந்த புத்தியும். அந்தப் புத்தித் தெளிவு எழுதும் வேளையில் இருந்ததா என்பதில்தான் வழக்குகள் மூள்கின்றன. வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் எடுத்தாளப்படுகிறது: உயிலைச் சுற்றிச் சந்தேகம் எழுந்தால், அதைக் கொண்டுவருபவரே அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும். கையெழுத்து நடுங்கியிருப்பதும், ஆதாயம் பெறுபவரே முன்னின்று எழுதச் செய்ததும் அத்தகைய சந்தேகங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதும் உயிலுக்கு இந்த இரண்டுமே எளிதில் நேரும்.

எழுதி வைக்காதவருக்காகச் சட்டமே ஓர் உயிலை வைத்திருக்கிறது. அதில் அவர் விருப்பத்துக்கு இடமில்லை. மணமான சில மாதங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பெற்றோர் படிக்க வைத்தார்கள். அவர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், உயில் இல்லாமல் இறந்ததால், தாய்வீட்டுக்குப் போகவில்லை. கணவனின் சகோதரி பிள்ளைகளுக்கே உரியது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: பிள்ளையும் கணவனும் இல்லாத பெண்ணின் சொந்தச் சம்பாத்தியத்தில் கணவனின் வாரிசுகளுக்குப் பிறகே தாய் தந்தைக்கு இடம். சம்பாதிக்கும் பெண்கள் இதை அறியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இரண்டு பக்கத் தாள், அந்தப் பெண்ணின் பணம் அப்படிப் போவதைத் தடுத்திருக்கும்.

அந்தத் தாளுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, விரும்பினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தும் வைக்கலாம். சாட்சிகள் இருவர் மட்டும் கட்டாயம். அவர்கள் சொத்தில் பங்கு பெறாதவர்களாக, எழுதுபவரைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல அவர்களில் ஒருவராவது இருக்க வேண்டுமே.