சேத்தூர் வட்டாரம்: மின்சாரமும் மின் நிர்வாகமும்

சேத்தூர், விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி; பழைய ஜமீன் ஊர். மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் சாலையில் இருக்கிறது. மலையை ஒட்டி மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கண்மாய்க்குக் கீழே நெல்வயல். பக்கத்திலேயே தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் ஊர்களில் நைட்டி தைக்கும் தொழில். வடக்கே ராஜபாளையத்தில் நூற்பாலைகள், அதைத் தாண்டி சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். இலவசம், பாதி மானியம், முழு விலை, முழு விலைக்கும் மேல் என்று தமிழ்நாட்டு மின்சாரத்துக்கு உள்ள அத்தனை விலைகளும் இந்த இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மின்துறையின் நிர்வாகச் சிக்கலை ஒரே வட்டாரத்தில் வைத்துப் பார்க்க இது தோதான இடம். இங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மின்சாரத்தில் ஒரு பங்கு அளக்கப்படுவதே இல்லை. அளக்காத சரக்குக்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது.

முன்வரலாறு

சென்னை மாகாண அரசு 1927இல் மின்துறையைத் தனியாக அமைத்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் வந்தன. தென்மாவட்டங்களுக்குப் பெரிய அளவில் மின்சாரம் கிடைக்க வழிசெய்தது பாபநாசம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலான ஆலைகள் பெருகப் பெருக மின் தேவையும் ஏறியது. 1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் உருவானது. கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில்தான். வாரியம் 2010 நவம்பரில் பகிர்மானத்துக்கும் தொடரமைப்புக்கும் தனித்தனி நிறுவனங்களாகவும், 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடியும் பிரிக்கப்பட்டது. சேத்தூரில் எல்லாவற்றுக்கும் இன்றும் ஒரே பெயர் ‘ஈ.பி.’தான்.

பம்புசெட்டும் இலவச மின்சாரமும்

இலவச மின்சாரம் அரசு தானாகக் கொடுத்த சலுகை அல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் போராட்டமும் உயிரிழப்பும் இன்னும் பெரிதாயின. ஜூலை 5ஆம் நாளை விவசாயிகள் தியாகிகள் தினமாக நினைவுகூர்வது அதனால்தான். இந்த இயக்கத்தை நடத்திய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில், சேத்தூரிலிருந்து அதிக தூரமில்லாத கோவில்பட்டியில் காலமானார். அதே ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை ரத்து செய்தது. 1990இல் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. உயிர் கொடுத்து வாங்கிய உரிமை என்ற நினைவு இருக்கும்வரை எந்தக் கட்சிக்கும் இதில் கை வைப்பது எளிதல்ல. மீட்டர் பொருத்தினால் அடுத்து பில் வரும் என்று விவசாயி அஞ்சுவதையும் அவநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் வழங்கக் கூடாது என்கிறது. அவகாசத்தை நீட்டும் அதிகாரம் மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உண்டு. தமிழ்நாட்டில் அது நீட்டப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மாநிலத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு மானியம் தருகிறது. பயன்பாடு எவ்வளவு என்பது சில டிரான்ஸ்பார்மர்களில் எடுக்கும் மாதிரி அளவை வைத்துப் போடும் மதிப்பீடு.

சிக்கலின் வேர் இங்கேதான். கம்பியில் போகிற வழியில் இழந்தது, திருடியது, பம்புசெட் இழுத்தது மூன்றும் ஒரே குவியலில் விழுகின்றன. விவசாயக் கணக்கைக் கூட்டிக் காட்டினால் மின் இழப்பு குறைந்ததாகத் தெரியும். குறைத்துக் காட்டினால் இழப்பு ஏறும். பழி என்னவோ விவசாயி தலையில்.

விவசாயிக்கும் இது முழு இலவசமில்லை. வெகுகாலம் மும்முனை மின்சாரம் நாளைக்கு 9 மணி நேரமே, பகலில் 6, இரவில் 3 என்று கிடைத்தது. 24 மணி நேரமும் தரப்படும் என்று 2021இல்தான் அறிவித்தார்கள். லோ வோல்டேஜில் மோட்டார் இழுக்க முடியாமல் முனகும்; கவனிக்காமல் விட்டால் காயில் கருகிவிடும். மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி, டவுனில் காயில் கட்டும் கடையில் போட்டுவிட்டு, வாடும் பயிரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கடைக்காரருக்குக் கொடுக்கும் பணம் எந்த மானியக் கணக்கிலும் ஏறாது. மும்முனை இல்லாத நேரத்தில் கண்டன்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களும் உண்டு. அதன் சுமை டிரான்ஸ்பார்மரில் விழுந்து, மொத்தத் தோட்டங்களுக்கும் கரண்ட் போகும். பதிவில் 5 குதிரைத்திறன் என்றிருக்கும் கிணற்றில் ஏழரை ஓடும். அளவு இல்லாத இடத்தில் இதை யார் கண்டுபிடிப்பது?

புதிய இணைப்புக்கான வரிசை வேறொரு கதை. சாதாரண முன்னுரிமையில் பதிந்தவர்கள் பல்லாண்டுகள் காத்திருக்க, தட்கலில் லட்சக்கணக்கில் கட்டியவர்கள் முன்னால் போனார்கள். 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் இணைப்புகள் தரும் திட்டத்தையும், அடுத்த ஆண்டு மேலும் 50,000 இணைப்புகளையும் அரசு அறிவித்தது. விண்ணப்பித்தவருக்கு இணைப்பு தருவது பகிர்மான நிறுவனத்தின் கடமை என்று சட்டத்தின் 43ஆவது பிரிவு சொல்கிறது. கடமையாக இருக்க வேண்டியது விழா மேடையில் ஆணை வழங்கும் நிகழ்ச்சியாகிவிட்டது.

2008 முதல் 2015 வரை

2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு மின்வெட்டு விதிக்கப்பட்டது. மாலை 6 முதல் 10 வரை கட்டுப்பாடு இன்னும் கடுமை. கிராமங்களில் மின்தடைக்கு மின்துறை அமைச்சரின் பெயரையே வைத்துக் கேலி பேசிய காலம் அது. 2012இல் நிலைமை முற்றியது. சென்னைக்கு நாளைக்கு 2 மணி நேரம் வெட்டு, மற்ற மாவட்டங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டியது. தளவாய்புரத்துத் தையல் யூனிட்டுகளும் சத்திரப்பட்டித் தறிகளும் கரண்ட் வரும் நேரத்துக்கு ஆள் வைத்து ஓட்டின. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வெட்டு நேரம் முழுக்கக் கூலியில்லா நேரம். தலைநகருக்கு ஒரு நியாயம், தெற்கத்தி ஊருக்கு ஒரு நியாயம் என்பதை எந்தச் சட்டப் பிரிவும் அனுமதிக்கவில்லை. நிர்வாக முடிவாகவே நடந்தது.

மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்களின் விரிவாக்கங்கள் தாமதமானதும், வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போதிய பாதை இல்லாததும் காரணங்கள். 2013 கடைசியில் தென்னக மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு இணைந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகும் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலைகள் மீதான கட்டுப்பாடு 2015 ஜூனில் நீங்கியது. அதற்குள் வசதியுள்ள நூற்பாலைகள் காற்றாலை நிறுவித் தம்மைக் காத்துக்கொண்டன. தறிக்காரருக்கு அந்த வழி இல்லை.

பற்றாக்குறையைப் போக்கச் செய்த ஒப்பந்தங்கள் பின்னர் கடனாகத் திரும்பின. 2013இல் தனியார் அனல்மின் நிறுவனங்களோடு யூனிட் 4 ரூபாய் 91 காசுக்கு 15 ஆண்டு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. 2015இல் அண்டை மாவட்டமான ராமநாதபுரத்தின் கமுதியில் அமையவிருந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு, ஆணையம் நிர்ணயித்த 7 ரூபாய் 1 காசு விலை தரப்பட்டது. இரண்டே ஆண்டில் நாட்டில் சூரிய மின்சாரத்தின் ஏல விலை 3 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. மின் நிறுவனங்களின் கடன் சுமையைக் குறைப்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் தமிழ்நாடு சேர்ந்தபோது மாநில அரசு 22,815 கோடி ரூபாய் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் திரண்ட நட்டம் பின்னர் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

கட்டணமும் ஆணையமும்

அரசியல்வாதிகள் கையிலிருந்து கட்டண நிர்ணயத்தை விலக்குவதற்காகவே 1999இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2022 வரை கட்டணத்தை மாற்றிய ஆணைகள் வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 2003, 2010, 2012, 2013, 2014, 2022. ஏழாண்டு, எட்டாண்டு இடைவெளிகளுக்குப் பொருளாதாரக் காரணம் தேடினால் கிடைக்காது. நிறுவனம் கேட்காவிட்டாலும் ஆணையமே முன்வந்து ஆண்டுதோறும் கட்டணத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் சொன்ன பிறகும் 2014க்கும் 2022க்கும் இடையே கட்டணம் உயர்த்தப்படவில்லை. சேர்த்துவைத்து ஒரேயடியாக ஏற்றியபோது சிறுதொழில்கள் திணறின.

2022 உயர்வுக்கு முன் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. ஆணையத்தில் சட்டம் அறிந்த உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அந்த இடம் காலியாக இருந்த நிலையில் கட்டண விசாரணை நடத்துவதை எதிர்த்து நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. தனி நீதிபதி தடை விதித்தார். செப்டம்பர் தொடக்கத்தில் டிவிஷன் பெஞ்ச் அதை விலக்கியது. 9ஆம் தேதி ஆணை வந்து, 10ஆம் தேதி புதிய கட்டணம் அமலானது. ஆணையத்தின் மீதான அரசியல் அழுத்தம் இலங்கையில் இதைவிட வெளிப்படையாக இருந்தது. கட்டண உயர்வை எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்கவை நாடாளுமன்றமே 2023 மே மாதம் வாக்கெடுத்து நீக்கியது. இங்கே யாரையும் நீக்க வேண்டியதில்லை. நாற்காலியைக் காலியாக வைத்திருந்தாலே போதும்.

வீட்டுக் கணக்கு

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 மே முதல் நடைமுறையில் உள்ளது. 2022 கட்டணப்படி 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடியது. படிநிலை மாறி, 101 முதல் 200 வரையிலான பாதி விலைச் சலுகை போய்விடுவதுதான் காரணம். கணக்கெடுப்பவர் ஒரு வாரம் தாமதித்து வந்தால் நடுத்தர வீடு கோட்டைத் தாண்டிவிடும். மாதாந்திரக் கணக்கெடுப்பு 2021 தேர்தல் வாக்குறுதி. அதற்கு மீட்டர் பார்க்க ஆள் வேண்டும், அல்லது ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். பணியிடங்கள் பல்லாயிரக்கணக்கில் காலி. ஸ்மார்ட் மீட்டர் டெண்டரோ, விலை கூடுதல் என்று 2024 டிசம்பரில் ரத்தானது.

முறையிடும் வழி

இணைப்பு தரத் தாமதமானால் நாளைக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1,000 ரூபாய் இழப்பீடு என்கின்றன ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு விதிகள். இதைக் கேட்டு வாங்கிய ஆளைக் காண்பது அரிது. நாளைக்கும் அதே லைன்மேன்தான் கம்பத்தில் ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிவு அலுவலகத்தில் தீராத புகார் விருதுநகர் மின்பகிர்மான வட்டத்தின் குறைதீர் மன்றத்துக்குப் போகும். அதன் தலைவர் அதே நிறுவனத்தின் மேற்பார்வைப் பொறியாளர். அதற்கும் மேல், சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். முறைகேடான பயன்பாடு என்று மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் தொகை விதிக்கப்பட்டால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கே பாதித் தொகையை முன்னதாகக் கட்டியாக வேண்டும். சிறு தறிக்காரர் அதைவிட மலிவான வழி தேடுவார். இலஞ்ச ஒழிப்புத் துறை பொறிவைத்துப் பிடித்ததாக வரும் செய்திகளில் மின் அலுவலகங்கள் அடிக்கடி இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையடிவார மின்வேலி

சேத்தூர், தேவதானம் பக்கத்துத் தோப்புகளுக்கு மேற்கே, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் தொடங்குகிறது. காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் நிலங்கள். பாட்டரியில் விட்டுவிட்டுத் துடிக்கும் வேலி உயிரைக் கொல்லாது. பம்புசெட் லைனிலிருந்து நேரே கம்பியில் கொக்கி போட்ட வேலி யானையையும் கொல்லும், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன ஆளையும் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டு தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள் வந்தன. காப்புக் காட்டை ஒட்டி வேலி போட வனத்துறையின் அனுமதியும் பதிவும் கட்டாயமாயின. மீட்டர் இல்லாத இணைப்பில் கொக்கி போட்டால் எந்தக் கணக்கிலும் தடம் இருக்காது. இரவில் போட்டு விடியுமுன் கழற்றிய கம்பியைக் கண்டுபிடிக்க, வனக் காவலரும் வயர்மேனும் தோப்புத் தோப்பாக நடந்து பார்ப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.