ஸ்பிட்ஃபயரின் மூக்கிலிருந்து வால்வரை

ஓடுபாதையின் மேல் சும்மா நிற்கும் காற்றில் ஒரு பிடியை எடுத்துக்கொள்வோம். எதிரே, மெர்லின் எஞ்சின் முழு விசையில் உறும, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்று புறப்படுகிறது. ப்ரொப்பெல்லர் வந்து தொடுவதற்கு முன்பே இந்தக் காற்று அதை நோக்கி ஓடத் தொடங்கிவிடும். சுழலும் தகடுகளுக்கு முன்னால் அழுத்தம் குறைந்திருப்பதே காரணம். கோட்பாட்டுக் கணக்குப்படி, காற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகத்தில் சரிபாதி தகடுகளை அடையும் முன்பே கிடைத்துவிடுகிறது. மறுபாதி கடந்த பிறகு. கடக்கும் இடத்தில் சட்டென்று ஏறுவது அழுத்தம்தான். பின்னே போகப் போக வேகம் கூடுகிறது, காற்றுத் தாரை ஒடுங்குகிறது.

காற்றைப் பின்னே தள்ளினால் விமானம் முன்னே போகும். ஆனால் எந்தத் தகடும் காற்றை நேராக மட்டும் தள்ளுவதில்லை. தான் சுற்றும் திசையிலும் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. அதனால் நம் பிடிக் காற்று முறுக்கிய கயிற்றின் புரிபோல விமானத்தின் உடலைச் சுற்றிக்கொண்டே வாலை நோக்கிப் போகிறது. ஈரம் மிகுந்த நாட்களில் தகடுகளின் நுனியில் நீராவி குளிர்ந்து துளிகளாகி, வெள்ளைச் சுருள்களாக இந்தச் சுழலைக் கண்ணுக்கே காட்டிவிடும்.

மெர்லின் ஸ்பிட்ஃபயரில் ப்ரொப்பெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க, வலஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே சுழல்காற்று இடது இறக்கையைக் கீழிருந்தும் வலது இறக்கையை மேலிருந்தும் அணுகுகிறது. இடப்பக்கம் தூக்குவிசை சற்றுக் கூடும், வலப்பக்கம் குறையும். எஞ்சினின் முறுக்குவிசைக்கு எதிர்விளைவாக விமானம் இடப்பக்கம் சாயப் பார்க்கிறதல்லவா? அதில் ஒரு பங்கை இந்தக் காற்றே ஈடுகட்டிவிடுகிறது. மீதியைச் சமாளிக்க வடிவமைப்பாளர்கள் என்னவெல்லாமோ செய்தார்கள். இத்தாலியின் மக்கி சி.202 போர்விமானத்தில் இடது இறக்கையை வலதைவிடச் சுமார் 20 செ.மீ. நீளமாகவே வைத்தார்கள்.

உண்மையான தொல்லை வாலில்தான். உடலுக்கு மேலே போகும் காற்று இடமிருந்து வலமாகவும், கீழே போவது வலமிருந்து இடமாகவும் வீசுகிறது. வாலும் மேலும் கீழும் சமமாக நீண்டிருந்தால் இரண்டும் பெரும்பாலும் கழிந்துபோயிருக்கும். ஆனால் செங்குத்து வால் மேலே மட்டும்தான் நிற்கிறது. அதன் இடப்பக்கத்தில் காற்று மோதி வாலை வலப்புறம் தள்ள, மூக்கு இடப்புறம் திரும்புகிறது. விமானி வலது காலால் பெடலை அழுத்திச் சுக்கானைத் திருப்பியாக வேண்டும். இந்தத் திருப்பத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வேகம் குறைவாகவும் எஞ்சின் விசை முழுமையாகவும் இருக்கும் புறப்பாட்டு நேரத்தில் சுழல் மிக நெருக்கமாக இருப்பதால் வால்மீது விழும் அடி பலமானது. வேகம் ஏற ஏறச் சுருள் நீண்டு தளர்ந்துவிடும். செங்குத்து வாலைச் சற்றுக் கோணலாகப் பொருத்தும் வழக்கமும் உண்டு. ஆனால் அந்தக் கோணம் ஏதாவதொரு வேகத்துக்குத்தான் பொருந்தும்.

இதே காற்றை நன்றியோடு நினைக்கவும் வேண்டும். விமானம் இன்னும் மெதுவாக ஓடும்போதே சுக்கானுக்குப் பிடிப்புத் தருவது இதுதான். விசையைச் சட்டென்று குறைத்தால் மூக்கு மறுபக்கம் விலகும். வாலின் கட்டுப்பாடுகளும் தளர்ந்துபோகும்.

1943இல் கிரிஃபன் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் படைக்கு வந்தது. அந்த எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும். வலது பெடலுக்குப் பழகிய கால்கள் இப்போது இடதை மிதிக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த ரகங்களில் விசை 2,000 குதிரைத்திறனையும் தாண்டியது. கடற்படை ரகமான சீஃபயருக்கோ ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருந்தது. பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் தளத்தின் வலப்பக்கம். மெர்லின் சீஃபயர் விலகியது கடலை நோக்கி. கிரிஃபன் சீஃபயர் விலகியது கோபுரத்தை நோக்கி.

சீஃபயர் 47இல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர்கள், எதிரெதிர்த் திசைகளில் சுழன்றன. முன்னது முறுக்கிவிட்ட காற்றைப் பின்னது ஏறக்குறைய நிமிர்த்திவிடும். வாலுக்கு வருவது வேகம் மிகுந்த, ஆனால் நேரான காற்று. பளுவும் பல்சக்கரங்களின் சிக்கலும் கூடின. விமானம் ஒருபக்கமாக விலகுவது அநேகமாக நின்றது. 1950இல் கொரியப் போருக்காக ட்ரையம்ஃப் கப்பலின் தளத்திலிருந்து எழும்பிய சீஃபயர்கள் இந்த ரகம்தான்.