சின்னஞ்சிறு சொல், பென்னம்பெரிய போர்

ஆங்கிலத்தில் 'தட்' என்றொரு சின்னஞ்சிறு சொல் உண்டு. கடிதத்திலே, நாளேட்டிலே, நாள்தோறும் அதைக் காண்கிறோம். நாம் கூற்றை முன்வைத்து, 'என்று' எனக் கூட்டி, 'அறிவேன்', 'நம்புகிறேன்' எனப் பின்னே முடிக்கிறோம். ஆங்கிலமோ 'அறிவேன்' என்பதை முன்வைத்து, 'தட்' இட்டு, கூற்றைப் பின்னே நிறுத்துகிறது. 'அது' எனச் சுட்டிய சொல்லே இவ்வாறு இணைப்புச் சொல்லாயிற்று என்பர் மொழிநூலார். நண்பருக்கு எழுதும் மடலில் அது மறைவதும் உண்டு. சட்டத்திலும் சாசனத்திலும் மறையாது.

அச்சொல்லின் பின்னே யாரை நிறுத்துவது, யாரை விடுவது? அதற்கே பெரும் போர் நடந்தது!

1776-இல் அமெரிக்கா விடுதலை முழக்கமிட்டது. 'தாமே விளங்கும் உண்மைகள்' எனத் தொடங்கி, 'தட்', 'தட்' என அடுக்கியது. மனிதர் யாவரும் சமம் என்பது முதல் உண்மை. வரைந்த ஜெஃபர்சன் வீட்டிலோ அடிமைகள்!

1848-இல் செனகா ஃபால்சில் மாதர் உரிமை மாநாடு கூடியது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் அதே வாக்கியத்தை எடுத்தார். 'தட்' அப்படியே நின்றது. பின்னே 'பெண்களும்' சேர்ந்தனர்.

1863-இல் கெட்டிஸ்பர்க் களத்தில் லிங்கன் முன்சொல்லை மாற்றினார். 'உண்மை' அன்று, மெய்ப்பிக்க வேண்டிய 'கருத்து' என்றார். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1920-இல் பெண்கள் வாக்குரிமை அரசமைப்பில் ஏறியது.

'நம்பப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்று ஏடு எழுதினால் நாம் கேட்போம்: நம்புவது யார்? கூறியது யார்? சான்று எங்கே? விடுபட்டவர் எவர்?